ஏலம் தொடங்குமுன் தபால் செலவைச் சொல்லுங்கள்

முத்திரை, நாணயம், பழைய அஞ்சலட்டை எல்லாம் இணையத்தில் ஏலம் விடும் நம் குழுவின் நிர்வாகிகளுக்கு,

போன மாதம் உங்கள் ஏலத்தில் மூன்று லொட் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு உருப்படி) எடுத்தேன். கொழும்புக் கோப்பி ஆலையொன்றின் செப்பு டோக்கன் 6,500 ரூபாய். தோட்டக் காட்சிகள் உள்ள ஆறு அஞ்சலட்டைகள் 4,200 ரூபாய். ஹட்டன் தபாலகத்தின் சீல் விழுந்த பழைய கடித உறை ஒன்று 1,800 ரூபாய். மொத்தம் 12,500. உங்கள் தரகு நூற்றுக்குப் பத்து என்று விதிமுறையிலேயே இருக்கிறது, அது 1,250. ஆக 13,750 ரூபாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கடைசி நிமிடம் வரை கேட்டேன். தபாலுக்கென்று ஒரு ஐந்நூறு ரூபாய் கூடக்குறையப் போகும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் வந்த பில்லில் 18,400 ரூபாய் என்று இருந்தது. அனுப்பும் செலவு லொட்டுக்கு 950, பொதி செய்யும் செலவு லொட்டுக்கு 400, அதற்கும் மேலே காப்புறுதி 600. எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய். இந்த மூன்றில் ஒன்றுகூட ஏலப் பட்டியலில் இல்லை, விதிமுறையிலும் இல்லை. கேட்டபோது உங்களில் ஒருவர் இப்படிப் பதில் போட்டார்: "மலைநாட்டுக்கு அனுப்புறது கஷ்டம் சேர். ஏலம் எடுத்தா கட்டத்தான் வேணும்."

கட்டினேன். பத்து நாள் கழித்துச் சாமான் வந்தது.

அது வந்த உறையை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மூன்று லொட்டும் ஒரே உறையில் வந்தன. சாதாரண மஞ்சள் உறை. உள்ளே பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே அஞ்சலட்டைகளும் கடித உறையும். டோக்கனை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, டேப்பால் அட்டையோடு ஒட்டியிருந்தார்கள். வழியில் பை கிழிந்து, டேப்பின் பசை செம்பின் விளிம்பில் படிந்துவிட்டது. வெளியே பதிவுத் தபால் ஸ்டிக்கர், அதன் பக்கத்தில் நான்கு முத்திரைகள். கூட்டிப் பார்த்தேன், 210 ரூபாய். காப்புறுதி செய்து அனுப்பியதற்கான அடையாளம் உறையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

முத்திரை சேர்க்கிற ஒருவர் கைக்கு உறை வந்தால் முதலில் பார்ப்பது அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். உங்களுக்கு ஆன செலவு உறையின் முகத்திலேயே இருக்கிறது. ஒரு உறை, 210 ரூபாய், இரண்டு பிஸ்கட் அட்டை. இதற்கு 4,650 ரூபாய் எப்படி ஆனது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தத் தொகை எங்கள் பக்கம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். என் அம்மா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்தவர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் மூன்று நாள் முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டாலும் 4,050 ரூபாய்தான் வரும். நான் ஆசிரியர், மாதச் சம்பளக்காரன். என்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்ட முடிந்தது. ஆனால் உங்கள் ஏலத்தில் கேட்கிற மலையகத்துப் பையன்கள் எல்லோரும் என்னைப் போல இல்லை. அவர்களில் ஒருவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் ஏன் இதை வாங்குகிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. 2023இல், எங்கள் மலையகத் தமிழ் மக்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, முன்னோர் நடந்து வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். மாத்தளைக்கு நானும் போயிருந்தேன். திரும்பி வந்து வகுப்பில் அதைப் பற்றிப் பேசியபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அந்தக் காலத்து சாமான் ஏதாவது நம்மகிட்ட இருக்கா?" எனக்குப் பதில் இல்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் எதைப் பத்திரப்படுத்தி வைப்பது? கூரை ஒழுகினால் முதலில் நனைவது ட்ரங்குப் பெட்டிதான். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்கள் கையில் கொண்டுபோனது போக, இருந்ததும் தொலைந்தது. மிச்சம் உள்ளதெல்லாம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் வீட்டு அல்பங்களிலும் மேசை இழுப்பறைகளிலும் கடல் கடந்து போய், இப்போது லொட் இலக்கம் போட்டு ஏலத்துக்கு வருகிறது.

அந்த டோக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான் இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது, பிறகு கோப்பி மெல்ல மெல்ல அழிந்தது. அதற்கு முந்திய காலத்தில் கொழும்பில் கோப்பியைக் காயவைத்துப் பொறுக்கிய ஆலைகள் தங்கள் பெயர் பொறித்த செப்பு வில்லைகளைக் கூலியாட்களுக்குக் கொடுத்தன. அதில் ஒன்றை மாணவர்கள் கையில் வைத்து, இதை வாங்க ஒரு ஆள் எவ்வளவு நேரம் குனிந்து கோப்பி பொறுக்கியிருப்பார் என்று கேட்டால், எந்தப் பாடப்புத்தகமும் தராத ஒன்று அந்த வகுப்பில் நடக்கும். நடந்தது. அதற்காகத்தான் வாங்குகிறேன். எங்கள் சாமானை நாங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது, சரி, அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். விலையை மறைத்து வைத்து விற்பதை ஏற்க முடியாது.

ஏலத்தில் ஒருவர் கேட்கிற தொகை என்பது அவர் கையில் இருக்கிற மொத்தக் காசிலிருந்து வருவது. 4,650 ரூபாய் பின்னால் வரும் என்று தெரிந்திருந்தால் அஞ்சலட்டையை விட்டிருப்பேன், டோக்கனை மட்டும் எடுத்திருப்பேன். அஞ்சலட்டைக்கு எனக்கு அடுத்துக் கேட்டவர் கொழும்பிலேயே இருந்து, நேரில் வந்து எடுத்துக்கொள்கிறவராக இருந்தால், அவருக்கு அது என்னைவிடக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும். ஆகவே நீங்கள் சொல்லாமல் விட்ட தொகை எனக்கு மட்டும் நட்டமில்லை. யாருக்கு எந்தச் சாமான் போகிறது என்பதையே அது மாற்றிவிடுகிறது.

"மலைநாட்டுக்கு அனுப்புறது கஷ்டம்" என்ற பதிலுக்கு வருகிறேன். இந்த நாட்டில் உள்நாட்டுக் கடிதத்துக்கான கட்டணம் தூரத்தைப் பார்ப்பதில்லை. கொழும்பிலிருந்து தெஹிவளைக்கு எந்த முத்திரையோ அதே முத்திரைதான் பொகவந்தலாவைக்கும். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனபோதும் எல்லா ஊருக்கும் ஒன்றாகத்தான் ஏறியது. நானு ஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல், பதுளைக்கு 1924இல். இத்தனை காலமாகத் தபால் பை மலையேறிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் விற்கிற சாமானின் சரித்திரம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்கான காசைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்டினார். எத்தனை மைல், எத்தனை தாள் என்று பார்த்துக் கட்டணம் போடுவார்கள். தபால்காரர் வாசலில் வந்து தொகையைச் சொன்ன பிறகுதான் ஏழை வீட்டில் காசு தேடுவார்கள், இல்லாவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தபால் சீர்திருத்தம் கேட்ட ரோலண்ட் ஹில் என்ற ஆங்கிலேயர் அதை மாற்றத்தான் போராடினார். 1840 ஜனவரியில், அரை அவுன்ஸ் வரை நாடு முழுவதற்கும் ஒரே பென்னி என்று ஆனது. அதே வருஷம் மே மாதம் கறுப்புப் பென்னி முத்திரை வந்தது. இலங்கைக்கு முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்தது. முத்திரை என்ற இந்தச் சின்னத் தாள் பிறந்ததே, செலவு எவ்வளவு என்று முன்னமே தெரிய வேண்டும், தூரத்தில் இருக்கிறவர் அதற்காகத் தண்டம் கட்டக் கூடாது என்பதற்காகத்தான். அந்த முத்திரைகளை விற்கிற குழுவிலிருந்து, தூரத்தைக் காட்டி, சாமானை எடுத்த பிறகு தொகை சொல்லும் பில் வந்ததைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

பாரமான சாமானுக்குச் செலவு கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சென்ற வருஷம் கொழுந்து நிறுக்கும் பழைய தொங்கு தராசு ஒன்றை உங்களிடம் எடுத்தேன். இரும்பும் பித்தளையும், நல்ல பாரம். கேட்குமுன்னே அனுப்பும் செலவைக் கேட்டு எழுதினேன். "எல்லாம் சேர்ந்து 800க்குள்ள வரும்" என்று பதில் வந்தது. ஏலம் முடிந்ததும் "தூரப் பிரதேசம், வீட்டு விநியோகம்" என்று போட்டு 2,900 ரூபாய் பில் வந்தது. சரி, வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களே என்று கட்டினேன். நான்காம் நாள் கூரியர்காரர் போன் எடுத்தார். தோட்டத்துப் பாதையில் தங்கள் வண்டி வராது, ஹட்டனுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், தோட்டத்துக்குள் உள்ள பிரிவான டிவிசனின் பெயர், அவ்வளவுதான் விலாசம். கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே யாராவது கண்ணில் பட்டால் கொடுத்தனுப்புவார்கள். அரை நாள் லீவு போட்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், அந்தத் தராசை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டு விநியோகத்துக்குக் கட்டிய காசைத் திருப்பித் தரும்படி மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை.

தராசை அம்மாவிடம் காட்டியபோது அவர் கொக்கியைப் பிடித்து முள்ளைத்தான் பார்த்தார். அந்த முள் காட்டியதைக் கொழுந்து பறித்தவர்கள் பேரில் ஒருநாளும் அப்படியே எழுதியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுத்த பிறகு கிலோ கிலோவாகக் கழிப்பார்கள். "இவங்களும் அப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது உங்களைப் பற்றித்தான்.

வெளிநாட்டு விற்பனையாளர்களின் லொட்டுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அஞ்சலட்டை அல்பத்துக்கு நீங்கள் வாங்கிய அனுப்பும் செலவில் பாதிகூட, உறையில் அச்சாகியிருந்த தபால் கட்டணத்தை அன்றைய மாற்று விகிதத்தில் கணக்கிட்டால், வரவில்லை. இதில் இன்னொரு அடி இருக்கிறது. சுங்கத்தில் பெறுமதி பார்க்கும்போது சாமானின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் பில்லில் கூலி ஏறினால், வரி போடுகிற தொகையும் ஏறிவிடும். இல்லாத செலவுக்கும் நாங்கள் வரி கட்ட நேரிடுகிறது. முத்திரைக்கு 9704, நாணயவியல் சேகரிப்புக்கு 9705, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706 என்று சுங்கக் குறியீடுகள் தனித்தனியே இருக்கின்றன. அனுப்புகிறவர் அதைச் சரியாக எழுதாமல் வெறுமனே "அன்பளிப்பு" என்று எழுதினால், கொழும்பில் போய் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான். எனக்கு ஒரு இரவுப் பயணமும் ஒரு நாள் லீவும் அதில் போனது.

இது உங்கள் குழுவில் மட்டும் நடப்பதில்லை, தெரியும். இபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரு காலத்தில் சாமானின் விலையைக் குறைத்துப் போட்டு, தபால் கூலியை ஏற்றி வைத்தார்கள். தரகு சாமானின் விலைக்கு மட்டும்தான் என்பதால் அது விற்கிறவருக்கு லாபமாக இருந்தது. 2011இல் அமெரிக்காவில் தபால் கூலிக்கும் சேர்த்துத் தரகு எடுக்கத் தொடங்கியபோது அந்த வழி குறுகியது. அங்கே ஒரு சாமானைப் பார்க்கும்போதே அனுப்பும் செலவும் பக்கத்தில் தெரிகிறது. உங்கள் பட்டியலில் சாமானின் படம், நிலை, தொடக்க விலை எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுகிறீர்கள். அதோடு இன்னொரு வரி சேர்ப்பது பெரிய வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. வியாபாரி விலையை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி காட்டி வைக்க வேண்டும் என்கிறது அது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். நான் இன்னும் அழைக்கவில்லை. முதலில் உங்களிடம் பேசுவதுதான் முறை என்று நினைத்தேன். இந்தக் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறேன், அதில் கற்றுக்கொண்டது நிறைய.

இப்போது அந்தப் பையன். எங்கள் டிவிசன்தான், என்னிடம் படித்தவன், இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். தேயிலையும் ரயிலும் உள்ள முத்திரைகளை மட்டும் சேர்ப்பான். கொப்பித் தாளில் கட்டம் கீறி, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டை எழுதி வைத்திருப்பான். உங்கள் ஏலத்தில் முதல் தடவையாக 700 ரூபாய்க்கு ஒரு முத்திரைத் தொகுதி எடுத்தான். அனுப்பும் செலவு, பொதி செலவு என்று அதன்மேல் 1,400 ரூபாய் பில் வந்தது. தன்னால் முடியாது, சாமானை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பணிவாகத்தான் எழுதினான். அதை நான் வாசித்தேன். இரண்டு நாளில் "ஏலம் எடுத்துப் பணம் கட்டாதவர்கள்" என்று அவன் பெயரையும் படத்தையும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிற குழுவில் போட்டீர்கள். அவன் வேலை செய்கிற கடையின் முதலாளிக்கும் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கொப்பியை எடுத்து மூலையில் வைத்துவிட்டான். இருபது வயதுப் பையன் ஒருவன், சொல்லாத காசைக் கட்ட முடியாததற்காகக் கள்ளன் மாதிரி நிற்க வேண்டி வந்தது. இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தது என் 4,650 ரூபாயைவிட இதுதான்.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

முதலில் அந்தப் பையனின் பெயரையும் படத்தையும் எடுங்கள். எடுத்ததோடு விடாமல், பட்டியலில் சொல்லாத செலவால்தான் அவன் விலகினான் என்று அதே குழுவில் எழுதுங்கள். பெயரைப் போட்டது எல்லோர் முன்னும் என்றால், திருத்துவதும் எல்லோர் முன்னும் நடக்க வேண்டும்.

அடுத்த ஏலத்திலிருந்து ஒவ்வொரு லொட்டின் கீழும் அனுப்பும் செலவை ரூபாயில் எழுதுங்கள். பதிவுத் தபாலுக்கு எவ்வளவு, கூரியருக்கு எவ்வளவு, நேரில் வந்து எடுத்தால் எவ்வளவு. சரியாகச் சொல்ல முடியாத பாரமான சாமான் என்றால் இதற்கு மேல் போகாது என்று ஒரு உச்சத் தொகையைப் போடுங்கள். ஏலம் முடிந்த பிறகு அதற்கு மேல் ஒரு சதமும் கேட்காதீர்கள்.

ஒருவர் பல லொட் எடுத்து, அவை ஒரே உறையில் போனால் ஒரு உறைக்கு மட்டும் காசு எடுங்கள். காப்புறுதிக்குக் காசு வாங்கினால் காப்புறுதி செய்து ரசீதைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். டோக்கனையும் நாணயத்தையும் டேப் போட்டு ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பொதி செய்யக் காசு வாங்குகிறவர்கள் அதற்குரிய உறையில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

தோட்டத்து விலாசக்காரர்களுக்குக் கூரியரைக் கட்டாயமாக்காதீர்கள். எங்கள் ஊர்த் தபாலகத்தின் பெயரைப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினால், நாங்களே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு லொட்டுகளில் உறையில் ஒட்டிய உண்மையான தபால் தொகையையே பில்லில் எழுதச் சொல்லுங்கள், சுங்கப் படிவத்தைச் சரியாக நிரப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக என் கணக்கு. மூன்று லொட்டுக்கும் சேர்த்து நான் கட்டிய 4,650 ரூபாயில் 210 ரூபாய் முத்திரைச் செலவையும் நியாயமான உறைச் செலவையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தாருங்கள். தராசுக்கு வாங்கிய வீட்டு விநியோகக் காசையும் தாருங்கள். இந்த ஒரு வருஷத்தில் இப்படிக் கட்டிய மற்றவர்களும் உறையைக் காட்டிக் கேட்டால் அவர்களுக்கும் தாருங்கள். உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அடுத்த ஏலப் பட்டியல் வெளிவருமுன், எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஒரு சேகரிப்பாளர்